மோர்வென் மாதிரி ஒன்று

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் ஜெபிஷா தம்பிக்குச் சோறு ஊட்டி முடித்து வாயைத் துடைத்துவிட்டபோது, அவன் ஒரு வேலை சொன்னான். மோர்வென் சலித்துவிட்டதாம். அதே மாதிரி வேறு கேம் இருந்தால் தேடித் தர வேண்டுமாம்.

கிறிஸ்வின் இப்படி எதையும் கேட்கிறவன் இல்லை. அவனுக்கு இருபத்து மூன்று வயது. ஏழு வயதில் தசைச் சிதைவு நோய் என்று கண்டுபிடித்தார்கள். பதினொன்றில் நடை நின்றது. தோளும் முழங்கையும் போய் நான்கு வருடமாகிவிட்டது. கையை வாய்க்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் மடியில் ஒரு தலையணை வைத்து, அதன்மேல் கைகளை வைத்து, கன்ட்ரோலரைப் பிடிக்கக் கொடுத்துவிட்டால் போதும். விரல்கள் அவன் சொன்னபடி கேட்டன. வீட்டில் அம்மா, அக்கா, அவன் என மூன்று பேர். அப்பா சாம்ராஜ் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மா கனகமணி பள்ளிக்கூடத்து டீச்சர். ஜெபிஷா ராஜபாளையம் ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாள் வருவாள். அவள் சமையல்கட்டில் இருக்கும் நேரமெல்லாம் கிறிஸ்வின் மோர்வெனில் இருப்பான்.

அது என்ன கேம் என்று ஜெபிஷாவுக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். கருத்துப்போன ஒரு பெரிய தேவாலயம். ஏழு மாடி. மணியடிக்கிற பெண் ஒருத்தி வாளோடு உள்ளே போகிறாள். தூண்களுக்குப் பின்னாலிருந்து கல்லறைக் காவலர்களும், சிறகு முளைத்த நாய்களும், மெழுகு வழியும் முகத்தோடு துறவிகளும் வருவார்கள். செத்தால் மறுபடி முதல் வாசலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அறைகள் இடம் மாறிவிடும், முன்பு போன வழி உதவாது. ஏழாவது மாடியில் குருட்டு பிஷப். அவரைக் கொன்றுவிட்டால் முடிந்தது. கிறிஸ்வின் மூன்று வருடத்தில் மூன்று முறை பிஷப் வரைக்கும் போய்த் தோற்றிருக்கிறான்.

கனகமணிக்கு இந்தக் கேமைக் கண்டாலே ஆகாது. கோயிலுக்குள்ளே பிசாசு, பிஷப்பை வெட்டுவது, இதெல்லாம் ஒரு கிறிஸ்தவப் பிள்ளை பார்க்கிற காரியமா என்று ஆரம்பத்தில் சண்டை போட்டாள். பிறகு ஒருநாள் அவன் ஆடும்போது அந்த முகத்தைப் பக்கவாட்டிலிருந்து கவனித்துவிட்டு, அதன்பின் ஒன்றும் சொல்வதில்லை. ஜெபத்தில் மட்டும் அதற்காகத் தனியாக ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்.

எனவே தம்பி வேறு கேம் கேட்டதும் ஜெபிஷாவுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அவனுக்காகச் செய்கிற காரியங்கள் எல்லாம் துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, தூக்குவது என்று ஆகிவிட்டிருந்தன. இது வேறு மாதிரி. லேபில் மதியம் கூட்டம் குறைந்ததும் போனை எடுத்து, மோர்வென் மாதிரி கேம்கள் என்று தேடினாள். பத்து, இருபத்தைந்து என்று பட்டியல் பட்டியலாக வந்தது. எது நல்லது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதனால் அஃப்ரோஸுக்குச் செய்தி அனுப்பினாள்.

அஃப்ரோஸ் கடையநல்லூர்ப் பையன். பள்ளிக்கூடத்தில் கிறிஸ்வின் பக்கத்து பெஞ்சு. சக்கர நாற்காலியை மாடி வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போன நாலு பேரில் ஒருவன். இப்போது சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. தன்னுடைய பழைய லேப்டாப்பையும் கன்ட்ரோலரையும் கொடுத்துவிட்டு விமானம் ஏறியவன் அவன்தான். அன்று சாயங்காலமே நான்கு பெயர்களை அனுப்பினான். எதற்காகத் தேடுகிறாள் என்று கேட்கவே இல்லை. அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

முதல் கேம் இறங்க இரண்டு நாள் ஆனது. அதிலும் இடிந்த கோட்டை, இருட்டு, சாவு எல்லாம் இருந்தன. கிறிஸ்வின் இருபது நிமிடம் விளையாடிவிட்டு, அடி லேட்டாக விழுகிறது, சரியாகச் செய்யவில்லை இந்தக் கேமை என்றான். இரண்டாவதில் ஒரு மருத்துவன் கொள்ளைநோய் பிடித்த ஊருக்குள் விளக்கோடு நடந்தான். படங்கள் அழகாக இருந்தன. பட்டன்களை ரொம்பக் கிட்டக்கிட்ட வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி நிறுத்திவிட்டான். மூன்றாவதை அவள் கூடவே உட்கார்ந்து பார்த்தாள். அவன் ஆள் ஓடினான், குதித்தான், பள்ளத்தில் விழுந்தான். அதே பள்ளத்தில் ஒன்பது முறை விழுந்தான். இது வேண்டாம்க்கா, கதையே இல்ல இதுல என்றான் கிறிஸ்வின்.

மே போய் ஜூனும் போய்விட்டது. பதினோரு கேம் ஆகிவிட்டது. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு குறை. அவள் இப்போது மற்றவர்கள் எழுதும் விமர்சனங்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தேறியிருந்தாள். எதில் கதை நன்று, எதில் சாவுக்குப் பிறகு ஏதாவது மிஞ்சும், எதில் ஒன்றுமே மிஞ்சாது என்றெல்லாம் பேச வந்தது. இவ்வளவு பேர் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஒன்றை இவன் ஏன் கால் மணி நேரத்தில் ஒதுக்கிவிடுகிறான் என்பது மட்டும் பிடிபடவில்லை. ஒருநாள் கோபமும் வந்தது. உனக்கு மோர்வெனே வேணும்னா அதையே விளையாட வேண்டியதுதானே, என்னை ஏன் அலைக்கழிக்கிற என்று கேட்டுவிட்டாள். அவன் ஹெட்செட்டை மாட்டிவிடும்படி கண்ணால் காட்டினான். எதிர்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

ஊர்க் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு. ஊருக்குள் வண்டிகள் நெரிசலாகிவிடும் என்று கனகமணி காலை ஆராதனைக்கு மகனை நேரத்தோடே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். ஜெபிஷா வீட்டில் தங்கிவிட்டாள். பன்னிரண்டாவது கேம் பாதி இறங்கி நின்றிருந்தது. லேப்டாப்பில் இடம் போதவில்லை. எதை அழிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவள், மோர்வெனுக்குள் தப்பித்தவறி நுழைந்துவிட்டாள்.

கேமுக்குள் தேவாலய வாசலில் மணி அடித்தது. முகப்புத் திரையில் கீழே ஒரு ஓரமாகப் பழைய பயணங்கள் என்று ஒரு பக்கம் இருந்தது. அழுத்தினாள்.

ஆயிரத்து நானூறு சொச்சம் வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு சாவு. தேதி, எந்த மாடி, எவ்வளவு நேரம், யார் கையால். போன வருடம் செப்டம்பரில் ஏழாவது மாடி, குருட்டு பிஷப். அக்டோபரில் ஆறு, ஆறு, ஐந்து, ஏழு. டிசம்பரில் ஐந்து. பிப்ரவரியில் நான்கு, நான்கு, மூன்று. ஏப்ரலில் இரண்டு. அதன்பின் அவன் அதைத் தொடவில்லை என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்! மே, ஜூன், ஜூலை எல்லாம் இருந்தன. பகலில் அவள் லேபில் இருக்கும் நேரங்கள். ஜூனில் மட்டும் இரண்டு வாரம் மூன்று, மற்றபடி எல்லாம் ஒன்றுதான். முதல் மாடி. முதல் மாடி. முதல் மாடி. கடைசியாக வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, நாற்பது விநாடி. முதல் அறையில் நிற்கும் முதல் நாயிடம்.

லேபில் தினமும் இப்படித்தான் பார்ப்பாள். ஒரே ஆளின் ரிப்போர்ட் மாதா மாதம் வரும். சிறுநீரகம் கெடக் கெட ஏறும் கிரியேட்டினின் இரண்டு, இரண்டரை, நாலு, ஆறு. பிரிண்ட் எடுத்துக் கவரில் போட்டு வெளியே கொடுப்பாள். அந்த ஆளின் முகத்தைப் பார்ப்பதும் உண்டு, பார்க்காததும் உண்டு.

கிறிஸ்வின் வீட்டிலிருந்தே சம்பளத்துக்குச் சப்டைட்டில் சரிபார்க்கிற வேலை பார்த்தான்; மார்ச்சில் அதற்கு டைப் செய்வதை விட்டுவிட்டு வாயால் சொல்லி எழுத ஆரம்பித்தான். வேகமா முடியுதுக்கா என்றான். அவளும் சரி என்று நம்பினாள். ரத்தத்தில் எதெது குறைகிறது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், பக்கத்து அறையில் அது நடந்துகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

தம்மாமுக்குப் போன் போட்டாள். அஃப்ரோஸ் வேலையில் இருந்தான். அவள் பார்த்ததை எல்லாம் சொன்னாள்.

"பிப்ரவரில இருந்தே தெரியும்க்கா" என்றான். "அவன் விளையாடுதத நான் இங்கன இருந்து பாப்பேன்லா. அடி படாம உருளுற பட்டன அமுக்கத் தெரியும் அவனுக்கு. எப்ப அமுக்கணும்னும் தெரியும். வெரல்தான் கீழ போக மாட்டேங்கு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

"பின்ன எதுக்குலே என்னைத் தேடச் சொன்னான்?"

"வேற கேமா இருந்தா முடியுமோன்னு நெனச்சிருப்பான்க்கா. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

ஆராதனை முடிந்து அவர்கள் வரும்போது அவள் லேப்டாப்பை மூடி வைத்திருந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவனுக்கு நாற்காலியில் அழுந்தாமல் இருக்கப் பின்பக்கத் துணியைச் சரிசெய்யும்போது அவன் வலதுகைக் கட்டைவிரலைத் தொட்டு, லேசாக மடக்கிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

அந்த வாரம் அவள் செய்யாதது இல்லை. பாளையங்கோட்டையில் வழக்கமாகக் காட்டும் டாக்டருக்கு ஆறு மாத முறை வர இன்னும் நாள் இருந்தது, முன்கூட்டியே கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் மூச்சு ஊதச் சொல்லி அளந்தார். விரல்களைப் பற்றி அவள் கேட்டதும் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துவிட்டு, அது இனி அப்படித்தாம்மா, நீங்க மூச்சைப் பாருங்க, ராத்திரிக்கு ஒரு மெஷின் வைக்க வேண்டி வரும் என்று சொன்னார். கிறிஸ்வின் சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும் வழியெல்லாம் கனகமணி மெஷினைப் பற்றியே பேசினாள். விரலைப் பற்றி அவள் கேட்டதே பெரிய காரியமாக யாருக்கும் படவில்லை.

பிறகு இணையத்தில் கேம் ஆடுகிறவர்கள் எழுதும் ஓர் இடத்தில் தன் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டாள். என் தம்பிக்கு மோர்வென் பிடிக்கும். விரல்கள் போய்க்கொண்டிருக்கின்றன. மோர்வென் மாதிரி, ஆனால் விரல் அதிகம் வேண்டாத கேம் எது? அறுபது எழுபது பேர் பதில் எழுதினார்கள். இரண்டு பேர் கேலி செய்தார்கள், மற்றவர்கள் அவர்களைத் திட்டினார்கள். முறை வைத்து நிதானமாக ஆடுகிற கேம்கள், சீட்டாட்டம் மாதிரி ஆடுகிற கேம்கள் என்று பெயர்கள் குவிந்தன. பெரிய பட்டன் வைத்த கன்ட்ரோலர் ஒன்றின் படம் வந்தது. யாரோ பிரேசிலிலிருந்து உன் தம்பிக்கு என் அன்பு என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்து லேப் பாத்ரூமில் போய் அழுதாள். ஒருவர் மட்டும் மோர்வெனிலேயே வேகத்தைக் குறைக்க வழி இருக்கிறது, அமைப்புகளில் நான்காவது பக்கம் என்று எழுதியிருந்தார்.

அன்று சாயங்காலம் அவனிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பழைய பயணங்களைப் பார்த்ததையும் சொன்னாள்.

"அஃப்ரோஸ் சொன்னானா?"

"நானே பாத்தேன். பொறவுதான் அவன்ட்ட கேட்டேன்."

அவள் வேகத்தைக் குறைக்கும் விஷயத்தை எடுத்தாள். அது பாதியாகக்கூடக் குறையுமாம், நான்காவது பக்கத்தில் இருக்கிறதாம் என்றாள்.

"தெரியும்க்கா. மொத நாளே தெரியும்."

"பின்ன ஏம்லே போடல?"

"ஜூன்ல போட்டேன். எண்பதுல வச்சேன், ரெண்டு வாரம் மூணாவது மாடி வரைக்கும் போனேன். அப்புறம் எழுவது. அப்புறம் அறுவது. இப்ப அம்பதுலதான் இருக்கு. அம்பதுலதான் அந்த நாய் கடிக்கி." குரல் உயரவே இல்லை. "அதுக்குக் கீழ கொறைக்க முடியாதுக்கா. கேம் செஞ்சவனுவ வைக்கல."

அவளிடம் அடுத்த யோசனை தயாராக இருந்தது, பெரிய பட்டன் வைத்த கன்ட்ரோலர். அதைச் சொல்ல வாய் எடுத்தாள். அவன் கைகள் தலையணைமேல் அவள் வைத்த இடத்திலேயே கிடந்தன. சொல்லாமல் எழுந்து, அவனுக்குப் பால் ஆற்றப் போனாள். அப்புறமும் அந்தக் கன்ட்ரோலரை வரவழைத்தாள். இரண்டு நாள் முயன்றான். பட்டன் பெரிதாக இருந்தது, அமுங்கியது. நாயும் அதே நேரத்துக்குத்தான் பாய்ந்தது.

சீட்டாட்டக் கேம்களையும் போட்டுக் காட்டினாள். அவன் மறுக்கவில்லை. கண்ணால் பார்த்து, எதை அழுத்த வேண்டும் என்று சொல்வான், அவள் அழுத்துவாள். ஒரு ஆட்டத்தில் ஜெயித்தும்விட்டார்கள். நல்லாத்தான் இருக்கு என்றான். மறுநாள் அதைக் கேட்கவில்லை.

அஃப்ரோஸ்தான் பிஷப்பை முடித்துவிடலாம் என்று சொன்னான். தம்மாமில் அவனுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அங்கே அவன் ஆடுவான், திரை இங்கே லேப்டாப்பில் தெரியும், கிறிஸ்வின் பார்த்துச் சொல்ல வேண்டும். வேகமும் முழு வேகம், நூறு. கிறிஸ்வின் முதலில் தயங்கினான். பிறகு, ஜும்மா முடிஞ்சதும் வாலே என்றான்.

முதல் இரண்டு வெள்ளி ஐந்தாவது மாடியைத் தாண்டவில்லை. சொல்லும் சொல் அங்கே போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேல் ஆனது. இப்ப என்று இவன் சொல்லும்போது அங்கே அடி விழுந்து முடிந்திருக்கும். மூன்றாவது வெள்ளி லேபில் அரைநாள் லீவு போட்டு ஜெபிஷா கூட இருந்தாள். கிறிஸ்வின் அடி வருவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்திருந்தான். துறவி கையைத் தூக்குவதற்கு முன்பே இடது என்றான். நாய் தூணுக்குப் பின்னால் இருக்கும்போதே உருளு என்றான். திரையில் எதுவும் இல்லாதபோது சொல்கிறானே என்று அவள் நினைப்பாள், அடுத்த நொடி அது வரும். தம்பிக்கு இப்படி ஒரு கெட்டிக்காரத்தனம் இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த விரல்கள் மட்டும் தலையணைமேல் அசையாமல் இருந்தன.

ஏழாவது மாடி வந்தது. பிஷப் கண்கட்டோடு சிம்மாசனத்திலிருந்து இறங்கினார். கனகமணி பள்ளியிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றாள். பொறு, பொறு, வலது, பின்னால போகாத, இப்ப அடி என்று கிறிஸ்வின் சொல்லிக்கொண்டே போனான். நெற்றியில் வியர்த்தது, ஜெபிஷா துடைத்தால் மறைக்கும் என்று விட்டுவிட்டாள். பதினாறு நிமிடம். பிஷப் முழங்காலிட்டு விழுந்தார். மணிகள் அடித்தன. நெடுந்தொலைவிலிருந்து அஃப்ரோஸ் சிரித்துக்கொண்டே அழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"செத்துட்டானா?" என்று கனகமணி கேட்டாள்.

"செத்துட்டான்ம்மா" என்றான் கிறிஸ்வின்.

திரையில் ஒரு சிறிய எழுத்து வந்து மறைந்தது. வெற்றி, அதன் கீழே அஃப்ரோஸ் ஆடுவதற்கு வைத்திருக்கும் பெயர். அஃப்ரோஸும் அதைப் பார்த்திருக்க வேண்டும். மாப்ள, இது ஒன்னோடதுதான்டா என்றான். ஆமாலே, தேங்க்ஸ் என்றான் கிறிஸ்வின். இன்னும் கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினார்கள். அழைப்பு முடிந்ததும் அவன் கட்டிலில் படுக்க வைக்கச் சொன்னான், சுவர்ப் பக்கமாகத் திருப்பச் சொன்னான். அம்மாவும் மகளும் சேர்ந்து தூக்கித் திருப்பினார்கள்.

திங்கட்கிழமை லேப்டாப்பை எடுக்கட்டுமா என்று பகல் அம்மாள் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தான். அந்த வாரமும் வேண்டாம், அடுத்த வாரமும் வேண்டாம். சப்டைட்டில் வேலை மட்டும் போனில் வாயால் செய்தான். அதற்குள் மெஷின் வந்துவிட்டது. முகமூடி மாட்டித் தூங்கப் பழகினான். முகமூடி போட்டதும் பேச முடியாது என்பதால், அதற்கு முன் பேச வேண்டியதை எல்லோரும் பேசிவிட வேண்டியிருந்தது.

அப்படி ஒருநாள், ஒன்பது மணிக்கு, முகமூடிப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபிஷா கேட்டாள். "நான் இன்னும் தேடட்டுமாலே? இல்ல விட்டுரட்டுமா?"

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்லப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அவள் முகத்தில் அவன் எதைப் பார்த்தானோ.

"தேடுக்கா" என்றான்.

"நீ விளையாடுவியா?"

"நீ படிச்சு வந்து சொல்லு. உள்ள என்ன இருக்கு, யாரு வாரா, எத்தன மாடி. எல்லாம்."

அன்றிலிருந்து தினமும் சொல்கிறாள். லேபில் மதியம் படித்ததை ராத்திரி மெஷினுக்கு முன் சொல்கிறாள். அவனுக்காகத்தான் செய்கிறோமா, அல்லது அக்காவுக்காக அவன் கேட்டுக்கொண்டிருக்கிறானா என்று அவளுக்கு நிச்சயமில்லை. நேற்று ஒரு மடத்தைப் பற்றிய கேம். பனி மலைமேல் மடம், உள்ளே இறந்துபோன கன்னியாஸ்திரிகள், கதவைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் வேறு அறை. அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"செத்தா எங்க இருந்து ஆரம்பிக்கும்?" என்று கேட்டான்.

அது அவள் படித்ததில் இல்லை. போனை எடுத்துத் தேடினாள். ஒரு பக்கத்தில் தொடக்கத்திலிருந்து என்றிருந்தது. இன்னொன்றில் அப்படி இல்லை என்றிருந்தது. நாளைக்குச் சரியாகப் பார்த்துச் சொல்லுதேன் என்றாள். அவன் தலையை அசைத்தான். அவள் முகமூடியை மாட்டி, பட்டையை இரண்டு காதுக்கும் மேலாக இழுத்து, மெஷினைப் போட்டாள்.